அக்கா பாஸான பரீட்சை

எப்போதும்வென்றான்
16.11.2023

தம்பி சாமித்துரைக்கு அக்கா வெயிலம்மாள் எழுதுவது. நான் சுகம், ஆடுகளும் சுகம். நீ அந்தப் பனிக்குள் கை கால் விறைக்காமல் இருக்கிறாயா என்று எழுது.

தீபாவளிக்கு நீ அனுப்பிய மெசேஜ் வந்தது. என் பட்டன் போனில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. கோலம் போட்டு அனுப்பினாயோ என்று நினைத்தேன். பேசலாம் என்றால் என் காதுக்கு நீ பேசுவதும் ஒன்று, வண்டு இரைவதும் ஒன்று. அதனால் கடிதமே எழுது.

நல்ல சேதி ஒன்று. நம்ம ப்ரியதர்ஷினி முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாசம். வைகாசியில் பிள்ளை பிறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள்.

சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் மாமியார் சீனித்தாய் கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாயும் பூவுமாக வந்திருந்தார்கள். பேச்சு தலைப்பிரசவத்துக்கு வந்தது. என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ப்ரியாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார்கள். பீரோக் கண்ணாடியில் அவர்கள் உதடு தெரிந்தது. மில்லில் இருபத்திரண்டு வருஷம் அந்த இரைச்சலுக்குள் நின்றவளுக்கு உதட்டைப் படிக்கத் தெரியாதா? "தாய் வீட்ல வச்சுப் பாக்கறதுதான் முறை. ஆனா உங்கம்மா அங்கன ஒத்த ஆளுல்லா. பச்சப்பிள்ள அழுதா யாருக்குட்டி கேக்கும்?" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "என்ன மதினி, எனக்குக் காது லேசா மந்தம், அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். பொய்தான். மில்லை விட்டு நின்றதே இந்தக் காதால்தான், உனக்குத் தெரியும்.

ஆனால் அவர்கள் கேட்டதும் நியாயம்தானே? உன் அத்தான் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் காதுக்கு மிஷின் இலவசமாகக் கொடுப்பார்கள், மாசாமாசம் உதவித்தொகைக்கும் எழுதிப் போடலாம் என்று ப்ரியா சொன்னாள். நம்மூர் லிங்கராஜ் இ-சேவை மையம் வைத்திருக்கிறான் இல்லையா, அவனிடம் போய்ப் பதிந்துவிட்டேன். வைகாசிக்குள் மிஷின் வந்துவிட வேண்டும் தம்பி. வந்துவிட்டால் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல முடியாது. என் மகள் என் வீட்டுக்கு வருவாள்.

காதுக்குல்லாயைக் கழற்றாதே.

அன்புடன்,
அக்கா

*

வடக்கே (ஊர் பெயர் எழுதக் கூடாது)
09.12.2023

அக்காவுக்கு,

மூக்கு உறைந்ததைத் தவிர மற்றபடி நலம். உன் கடிதம் மலையேறி வருவதற்குள் ப்ரியாவுக்கு நாலாம் மாசம் பிறந்திருக்கும். நாற்பத்தோரு வயதில் என்னைத் தாத்தாவாக்கிவிட்டாளே பாவி! இங்கே கூட இருப்பவர்களுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார்கள். சொன்னதும் என் தலைமுடியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அட்டைக்கு எழுதிப் போட்டது நல்ல காரியம். இத்தனை வருஷம் உன்னை அதற்குக் கெஞ்சியிருக்கிறேன், அசைந்தாயா? பேத்தியோ பேரனோ வந்துதான் அசைக்க வேண்டியிருந்தது. பதிவு நம்பரைப் பத்திரமாக வை. லிங்கராஜை அவ்வப்போது பார்க்கச் சொல். இன்று போட்டேனே, நாளைக்கு ஏன் வரவில்லை என்று அவனைப் போட்டுப் பிடுங்காதே. இங்கே பூட்ஸ் மாற்ற எழுதிக் கொடுத்தால் பனி உருகின பிறகுதான் பூட்ஸ் வரும். ஆனால் வந்துவிடும்.

டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டால் பயப்படாதே. நல்லபடியாக முடித்துவிட்டு வா. தனியாகப் போகாதே, ரோட்டில் லாரி வந்தால் உனக்குத் தெரியாது.

தம்பி,
சாமித்துரை

*

எப்போதும்வென்றான்
22.01.2024

தம்பிக்கு, பொங்கல் முடிந்த கையோடு எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மார்கழி வெள்ளத்தில் உளுந்து போய்விட்டது, மக்காச்சோளம் பாதி தேறும். கரிசலில் இன்னும் கால் வைக்க முடியவில்லை, செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறது.

வெள்ளத்தால் தள்ளிப்போன காது டெஸ்ட் முகாம் போன வாரம் கோவில்பட்டியில் நடந்தது. உன் அக்கா பாஸ்!

ஒரு சின்ன அறை. காதில் பெரிய மூடி மாதிரி மாட்டினார்கள். "சத்தம் கேட்டா விரலத் தூக்குங்கம்மா" என்று அந்த டெக்னீசியன் பிள்ளை சொன்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் குமிழைத் திருகும்போது தோள்பட்டை கொஞ்சமாக அசையும். அசைந்ததும் நான் விரலைத் தூக்கிவிடுவேன். ஒன்றைக்கூட விடவில்லை தம்பி! எட்டாம் வகுப்பில் கணக்கில் போனவள், இதில் போகவில்லை. பெரிய டாக்டர் பெயர், ஊர், வயது எல்லாம் கேட்டார். டக் டக்கென்று பதில் சொன்னேன். "நல்லாத்தானே பேசுதாங்க" என்று அவரும் சொன்னார்.

நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் முதலில் மிஷின் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

துணையோடுதான் போனேன், கவலைப்படாதே. பார்சலில் கடலைமிட்டாய் அனுப்பியிருக்கிறேன், ஒரே நாளில் தின்று தீர்க்காதே.

அக்கா

*

வடக்கே
11.02.2024

என் அக்காவே,

நலமாக இருந்தேன், உன் கடிதத்தைப் படிக்கும்வரை.

உனக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது? காது கேட்கவில்லை என்று அட்டை கேட்டுப் போனவள், எல்லாம் கேட்கிறது என்று விரலைத் தூக்கிவிட்டு வந்திருக்கிறாய்! அது பள்ளிக்கூடப் பரீட்சையா? அதில் பாஸானால் மிஷின் கிடையாது அக்கா. குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது. படித்ததும் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. மிட்டாயைக்கூட அப்படியே வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நீ விவரம் தெரியாதவள் இல்லை. நன்றாகச் செய்தவர்களுக்கு முதலில் மிஷின் கொடுப்பார்களாம்! இதை என்னை நம்பச் சொல்கிறாய். துணைக்கு யார் வந்தது? அதை மட்டும் ஏன் எழுதவில்லை?

பதில் போடு. கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

சாமித்துரை

*

எப்போதும்வென்றான்
29.02.2024

தம்பிக்கு, நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது.

லிங்கராஜ் பார்த்துச் சொன்னான். பதினாறு சதவீதமாம். அட்டை கிடையாது.

வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. மக்காச்சோளம் அறுத்தாயிற்று. ப்ரியாவுக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். கோவில்பட்டி வீட்டிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யப் போகிறார்கள் போலிருக்கிறது. அவர்கள் வீட்டில் ஆள் அம்பு இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

யாரோடு போனாய் என்று கேட்டிருந்தாய். அன்றைக்கு பஸ்ஸில் நல்ல கூட்டம்.

அக்கா

*

வடக்கே
20.03.2024

அக்கா,

நலம் விசாரிக்க இப்போது பொறுமையில்லை. பஸ்ஸில் கூட்டமாம் கூட்டம்! நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதுகிறாய்?

போன வாரம் கீழ் முகாமுக்கு வண்டி எடுத்துப் போனேன். அங்கே டவர் உண்டு. ப்ரியாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா, எங்க அத்ததான் கூடப் போனாவ. டவுன்ல அம்மாவுக்கு இடம் தெரியாதுன்னு அவியளாவே கிளம்பிட்டாவ. ரூமுக்குள்ளயும் அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாவ" என்றாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காது லேசான மந்தம் என்று நீ சொல்லி வைத்த சம்பந்தியம்மா முன்னால் தெரியாது, கேட்காது என்று உட்கார்ந்திருக்க உன்னால் முடியவில்லை. மானம் பெரிதாகப் போய்விட்டது.

அக்கா, நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். உன் இடத்தில் நானாக இருந்தால் இரண்டு கை விரலையும் தூக்கியிருப்பேன். ஆனால் இப்படியே விட்டுவிடாதே. முடிவு சரியில்லை என்று மறுபடி மனுக் கொடுக்கலாம். தூத்துக்குடிக்குப் போ. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள். அங்கேயே மாற்றுத்திறனாளி அலுவலகமும் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல். உன் மகள் உன் வீட்டுக்கு வர வேண்டுமா வேண்டாமா? "அங்கேயே இருக்கட்டும்" என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை.

உன்
சாமித்துரை

*

எப்போதும்வென்றான்
29.04.2024

என் தம்பிக்கு,

ரொம்ப நாள் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் நீ சுகமா? நான் இன்றைக்குத்தான் கொஞ்சம் சுகமாக இருக்கிறேன்.

தூத்துக்குடிக்குப் போனேன். தேர்தல் நேரம், மனுநாள் கிடையாது, பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். போட்டேன். போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்கும் நடந்தேன். அங்கே ஒரே கூட்டம். காலுக்குக் கம்பி மாட்டிய ஒருத்தர், பேர் இசக்கியப்பன், மூணு சக்கர ஸ்கூட்டருக்காக வந்தவர், எனக்கு உட்கார இடம் விட்டார். "எத்தன தடவ அண்ணாச்சி அலையுதீங்க?" என்று கேட்டேன். என் முகத்துக்கு நேராகத் திரும்பி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "கோவப்படாதீங்க தாயி. டாக்டர் ஒருத்தரு, ஊரு நூறு. டெஸ்ட் ஒரு இடத்துல, அட்டை அடிக்கது ஒரு இடத்துல, தபால்ல வாரது வேற. ஒவ்வொரு இடத்துலயும் நமக்கு முன்னால ஆளு நிக்கி. நம்ம நம்பர் நகருதான்னு மட்டும் பாருங்க. நகரலன்னா வந்து கேளுங்க. வெக்கப்படாதீங்க."

கடைசியாகச் சொன்னது எனக்கென்றே சொன்னது போலிருந்தது.

அங்கிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தோள்பட்டையைப் பார்த்து விரலைத் தூக்கியது உட்பட. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம், தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறது, திருநெல்வேலியில் எடுப்பார்கள், அதற்கு எழுதுகிறேன் என்றார்கள். "அதுல விரலுக்கு வேலையில்லம்மா" என்றார்கள். ஆனால் ஆடி பிறந்துவிடும் என்றார்கள். பிள்ளை பிறப்பதோ வைகாசி. பஸ் ஏறி உட்கார்ந்து அழுதேன் தம்பி.

முந்தாநாள் ப்ரியாவுக்கு வளைகாப்பு. தாலியிழந்தவள் என்று அடுப்படியில் ஒதுங்கி நின்றேன். எல்லோரும் அவள் கை நிறைய வளையல் போட்டுக் குலுக்கினார்கள். வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றுதானே அதைப் போடுகிறோம்? வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கிறது, அடுப்படி வாசலில் நிற்கிற எனக்குக் கேட்கவில்லை.

சம்பந்தியம்மா என்னைத் தேடிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்கள். "பெத்தவ நீங்க இங்கன நின்னா எப்படி, வாங்க மதினி" என்று கையைப் பிடித்தார்கள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "எனக்குக் காது சுத்தமாக் கேக்காது மதினி. அன்னைக்கு உங்க முன்னால நடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அது அன்னைக்கே தெரியும் மதினி. அந்தப் பிள்ள மூக்கச் சொறிஞ்சதுக்கெல்லாம் நீங்க விரலத் தூக்குனீங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன். "உங்க மானம் போயிருமேன்னு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பவே டாக்டர்ட்ட நான் சொல்லியிருக்கணும், புத்தி கெட்டவ" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் மரியாதை பார்த்துப் பார்த்து அட்டையைக் கோட்டை விட்டிருக்கிறோம்! அடுப்படியில் நின்று அழுதோம், அப்புறம் சிரித்தோம். ப்ரியா ஓடிவந்து, "எதுக்கு ரெண்டு பேரும் இப்படிச் சிரிக்கீங்க?" என்று முழித்தாள்.

மிஷின் இல்லாமல் பிள்ளையை என்னிடம் விட அவர்களுக்கு இன்னும் மனசு வரவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னார்கள். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்கள்.

அக்கா வெயிலம்மாள்

*

வடக்கே
18.05.2024

அக்காவுக்கு,

நான் நலம். மூக்கைச் சொறிந்ததுக்கு விரலைத் தூக்கினாயா! இதை ஒரு வாரமாக நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். கூட இருப்பவர்களுக்கு இந்தியில் சொல்லிக் காட்டினேன். இப்போது யார் மூக்கைத் தொட்டாலும் எல்லோரும் விரலைத் தூக்குகிறார்கள்.

நீ அடுப்படியில் சொன்ன சொல் இருக்கிறதே அக்கா, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆடி வரட்டும். பஸ்ஸில் உட்கார்ந்து அழாதே. அழுகை வந்தால் எனக்கு எழுது.

லீவு கேட்டிருக்கிறேன், கார்த்திகையில்தான் கிடைக்கும். நானும் வரிசையில்தான் நிற்கிறேன். பிள்ளை பிறந்ததும் ப்ரியாவை மெசேஜ் அனுப்பச் சொல், கீழே இறங்கும்போது பார்ப்பேன்.

தாத்தா சாமித்துரை

*

எப்போதும்வென்றான்
20.06.2024

தாத்தாவுக்கு,

பேத்தி! தாயும் பிள்ளையும் சுகம், நானும் சுகம். ப்ரியா மெசேஜ் அனுப்பியிருப்பாள், ஆனால் அவள் இதை எழுதியிருக்க மாட்டாள். பிள்ளை இப்போது எங்கே கிடக்கிறது தெரியுமா? என் வீட்டில், என் சேலைத் தொட்டிலில்!

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது சம்பந்தியம்மா இரண்டு பையோடு நின்றார்கள். ஒரு பை ப்ரியாவுடையது. இன்னொன்று யாருடையது என்று கேட்டேன். "என்னுது. மிஷின் வாரமுட்டும் நானும் உங்க வீட்லதான் இருப்பேன்" என்றார்கள். சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவதா, ஊர் சிரிக்காதா என்று நான் இழுத்தேன். "சிரிச்சா உங்களுக்குத்தான் கேக்காதே, எனக்குத்தான கேக்கும். நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். அவர்களுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான் தம்பி, ஆனால் தங்கமான மனுஷி.

மில்லில் நூல் அறுந்தால் அந்த இரைச்சலுக்குள் யார் காதுக்கும் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை நினைத்து ஒரு வேலை செய்தேன். கெட்டி நூல் ஒன்றைத் தொட்டிலில் கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். பிள்ளை காலை உதறினால் நூல் சுண்டும். நேற்று மத்தியானம் சுண்டியது. போய்ப் பார்த்தால் வீரிட்டு அழுகிறாள், முகமெல்லாம் சிவந்துவிட்டது. காது கேட்கிற சம்பந்தியம்மா தொட்டிலுக்குப் பக்கத்திலேயே டிவி நாடகத்தில் மூழ்கிக் கிடக்கிறார்கள்! நான் பிள்ளையைத் தூக்கின பிறகுதான் திரும்பிப் பார்த்து, "ஆத்தீ, எப்ப அழுதா?" என்றார்கள். என் மணிக்கட்டில் இருந்த நூலைப் பிடித்துப் பார்த்தார்கள். சாயங்காலம் பார்த்தால் அவர்களும் கையில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

டெஸ்ட்டுக்குத் தேதி வந்துவிட்டது. ஆடி மூன்றாம் வாரம், திருநெல்வேலி. ஆனாலும் இவள் எப்படி அழுகிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டும் தம்பி. நூல் அதைச் சொல்லாது.

பேத்தியின் பாட்டி

*

வடக்கே
14.07.2024

அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் பெட்டியில், அதோடு நீ வைத்தனுப்பிய பேத்தி போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உடம்பு நலம், மனசும் நலம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தடவை தயவுசெய்து ஃபெயில் ஆகிவிடு.

சாமித்துரை

*

எப்போதும்வென்றான்
12.09.2024

அன்புத் தம்பிக்கு,

ஃபெயில்! உன் அக்கா ஃபெயில் தம்பி! எழுபத்திரண்டு சதவீதம்.

திருநெல்வேலிக்கும் சம்பந்தியம்மாதான் கூட வந்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே இவர்கள் முந்திக்கொண்டு, "இவியளுக்கு ஒண்ணும் கேக்காது சார், போன தடவ சும்மா விரலத் தூக்கிட்டாவ, கூட நானும் கமுக்கமா இருந்துட்டேன்" என்று ஒப்பித்துவிட்டார்கள். கொஞ்சம் பேசாமல் இருங்கள் அம்மா என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியதுதான். ஆவணி வந்தது, அட்டை வரவில்லை. லிங்கராஜிடம் போய்ப் போய் நின்றேன், நகர்கிறது என்றான். வெட்கப்படாமல் தூத்துக்குடிக்கும் ஒரு நடை போய்க் கேட்டேன். இசக்கியப்பன் அண்ணாச்சி வாசலில் புது ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்தது போலவே சந்தோஷமாக இருந்தது. அட்டை தபாலில் வந்தது. நேற்று மிஷின் கொடுத்தார்கள். உதவித்தொகை மனு தாலுகா ஆபீசில் இருக்கிறது, அதுவும் வரும்.

காதுக்குப் பின்னால் மாட்டி, அங்கே இருந்த டெக்னீசியன் பிள்ளை ஏதோ திருகியது. ஐயோ தம்பி, உலகத்தில் இவ்வளவு சத்தமா! பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதியதற்கு நான் துள்ளிவிட்டேன். செருப்புச் சத்தம், பை உரசுகிற சத்தம், எல்லாம் எனக்கே வந்து விழுகிறது. பாதி இன்னும் இரைச்சலாகத்தான் இருக்கிறது. போகப் போகப் பழகும் என்றார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தேன். ப்ரியா குளிக்கப் போயிருந்தாள். பிள்ளை தொட்டிலில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் அழுதாள்.

நான் உடனே தூக்கவில்லை தம்பி. எனக்குத் தூக்க மனசு வரவில்லை. அவள் அழுகிறாள், நான் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆட்டுக்குட்டி கத்துவது போல இருந்தது. இவள் அம்மா பிறந்தபோது நான் கேட்ட அதே அழுகை. என் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டுகிறது.

பின்னால் வாசலிலிருந்து சம்பந்தியம்மா போட்டார்கள் ஒரு சத்தம். "பிள்ள தொண்ட கிழிய அழுதா, சிலை கணக்கா நிக்கீங்களே! தூக்குங்க மதினி!"

நான் திரும்பவில்லை. அவர்கள் உதட்டைப் பார்க்கவில்லை. "கேக்குது மதினி, கேக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அந்த வாயாடி மனுஷி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

மிஷின் வந்தாயிற்று, இனிமேல் ஊருக்குப் போகலாம் என்று ப்ரியா கேலி செய்கிறாள். தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்கிறார்கள் சம்பந்தியம்மா. நாடகத்தை மட்டும் இப்போது சத்தம் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி, இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. கீழ் முகாமுக்கு எப்போது இறங்கினாலும் பட்டன் போனுக்குக் கூப்பிடு. நான் எடுத்துப் பேசுகிறேன்.

உன் குரலைக் கேட்கக் காத்திருக்கும்
அக்கா வெயிலம்மாள்